மாணவர் பேண்டில் ப்ளூஸ்: சோலோ தொடங்கியதும் பன்னிரண்டு பார் எங்கே போய்விடுகிறது?

வகுப்பறைக்கு_வெளியே

எல்லோருக்கும் வணக்கம். மதுரையில் ஒரு கல்லூரியில் வணிகவியல் எடுக்கிறேன். இசை மன்றமும் என் பொறுப்பில்தான் இருக்கிறது. இந்த வருடம் ஐந்து பிள்ளைகள் சேர்ந்து ஒரு சின்ன பேண்ட் தொடங்கியிருக்கிறார்கள். கிட்டார், பேஸ் (கீழ்ச்சுரம் வாசிக்கும் கிட்டார்), கீபோர்டு, டிரம்ஸ், ஒரு பாடகி. கிட்டார் வாசிப்பவன் யூடியூப் பார்த்தே பழகியவன். டிரம்மர் ஞாயிறுதோறும் சர்ச்சில் வாசிக்கிறவன். பாடகி உசிலம்பட்டிப் பக்கம், தெம்மாங்கு நன்றாகப் பாடுவாள்.

அடுத்த மாதம் கலைவிழா. இருபது நிமிடம் தருகிறார்கள். சினிமாப் பாட்டு இரண்டு, மிச்ச நேரமெல்லாம் அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையான ப்ளூஸ் என்று அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். எனக்கும் ஆசைதான்.

சினிமாப் பாட்டில் கவலை இல்லை. கேட்டு எழுதிவைத்துக்கொண்டு பிசிறில்லாமல் வாசிக்கிறார்கள். ப்ளூஸில்தான் சிக்கல். ஏ7, டி7, இ7 என்று மூன்றே கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக் கொத்து. நாலு அடி கொண்ட பார் பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு சுற்று. பாடும்வரை சரியாகவே போகிறது. கிட்டார் சோலோ (தனியாகக் கற்பனையில் வாசிப்பது) தொடங்கி இரண்டாவது சுற்று வந்தால் பேஸ் டி7-ல் நிற்கிறது, கீபோர்டு ஏ7-லேயே இருக்கிறது, கிட்டார் தம்பி கண்ணை மூடிக்கொண்டு விரல் போன போக்கில் ஓடுகிறான். யாருக்கும் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் போக, எல்லோருமாகச் சத்தத்தைக் கூட்டுகிறார்கள்.

சோலோவை முன்கூட்டியே எழுதி மனப்பாடம் பண்ணச் சொல்லலாம் என்று சக ஆசிரியர் ஒருவர் சொல்கிறார். எனக்கு மனமில்லை. மேடையில் நிற்கும்போது பிறக்கவேண்டிய இசை அது. வேறு என்ன வழி?

ஆறாம்கம்பி

மேடம், நான் நாகமலைப் பக்கம். கிட்டார் சொல்லித் தருகிறேன். மனப்பாடம் வேண்டாம் என்ற உங்கள் முடிவு சரி.

சோலோ வாசிக்கிறவனுக்குச் சொல்லிக்கொடுப்பதைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்துங்கள். மற்ற நாலு பேருக்குச் சொல்லிக்கொடுங்கள். ப்ளூஸ் சோலோ நன்றாக இருப்பதும் நாசமாவதும் சோலோ வாசிக்காதவர்கள் கையில்தான் பெரும்பாலும் இருக்கிறது. பின்னால் இருப்பவர்கள் பாதையைத் தெளிவாகக் காட்டினால் முன்னால் போகிறவன் தானாக வழிக்கு வருவான்.

முதலில் கீபோர்டு. அந்தப் பிள்ளை இரண்டு கையாலும் முழுக் கார்டு அடிக்கிறதா? நிறுத்தச் சொல்லுங்கள். இடது கையில் இரண்டே சுரம் போதும். ஏ7-க்கு ஜி, சி-ஷார்ப். இந்த இரண்டையும் அப்படியே அரைச் சுரம் கீழே இறக்கினால் எஃப்-ஷார்ப், சி. அது டி7. ஏ7-லிருந்து அரைச் சுரம் மேலே ஏற்றினால் ஜி-ஷார்ப், டி. அது இ7. கை வடிவம் மாறவே மாறாது. ஒரு கட்டை இறங்கினால் டி7, ஒரு கட்டை ஏறினால் இ7, அவ்வளவுதான். ஒவ்வொரு கார்டிலும் மூன்றாவது சுரமும் ஏழாவது சுரமும் மட்டும்தான் இதில் இருக்கின்றன. அடிச்சுரத்தைப் பேஸ் பார்த்துக்கொள்ளும். இடம் காலியாக இருப்பதால் கார்டு மாறுவது எல்லோர் காதிலும் பளிச்சென்று விழும். இதைச் செய்த அன்றைக்கே பாதிக் குழப்பம் போய்விடும்.

பேஸுக்கு: ஏ, சி-ஷார்ப், இ, எஃப்-ஷார்ப் என்று ஏறி, ஜி தொட்டு, எஃப்-ஷார்ப், இ, சி-ஷார்ப் என்று இறங்கட்டும். ஒரு அடிக்கு ஒரு சுரம், இரண்டு பாருக்கு எட்டு. டி7-க்கும் இதே நடைதான், டி-யிலிருந்து தொடங்கவேண்டும். அலங்காரம் எதுவும் வேண்டாம்.

டிரம்மர் நாலாவது பார் முடிவில் ஒரு சின்ன ஃபில் (இடத்தை நிரப்பும் உருட்டல்), எட்டாவது முடிவில் ஒன்று, பன்னிரண்டாவதில் கொஞ்சம் பெரிசாக. நடுவில் ஆசைக்குக் கூட ஒன்று போடக் கூடாது. அப்போதுதான் அந்த ஃபில் கேட்டதும் வரி முடிந்தது என்று மற்றவர்கள் நம்புவார்கள்.

நாலுகம்பி

நான் வேறு ஒரு காலேஜ் பேண்டில் பேஸ் வாசிக்கிறேன். இந்தத் தொலைந்துபோகிற விஷயம் எங்களுக்கும் இருந்தது. நாங்கள் வைத்துக்கொண்ட ஏற்பாடு: யார் தொலைந்தாலும் வாசிப்பதை நிறுத்திவிட்டு பேஸைக் கேட்கவேண்டும். பேஸ் தப்பாகவே இருந்தாலும் பேஸ்தான் சரி.

எங்கே திரும்பச் சேருவது என்றால் ஒன்பதாவது பார். முதல் எட்டு பாரில் ஏ7-ம் டி7-ம் மாறி மாறி வருவதால் அது முதல் வரியா இரண்டாவது வரியா என்று குழம்பும். இ7 முதல்முறை வருவது ஒன்பதில்தான். அந்தச் சத்தத்துக்குக் காத்திருந்தால் போதும். அடுத்த மூன்று பாருக்குள் எல்லோரும் வீட்டுக்கு வந்துவிடலாம்.

தகிட

நான் மிருதங்கம் சொல்லிக்கொடுக்கிறவள். ப்ளூஸ் அதிகம் கேட்டதில்லை. இந்த இழையைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி உட்கார்ந்து கேட்டேன். கணக்கு ரொம்ப நமக்குப் பக்கமாக இருக்கிறது.

பன்னிரண்டு பார், பாருக்கு நாலு அடி, மொத்தம் நாற்பத்தெட்டு. எட்டு அடி கொண்ட ஆதி தாளத்தில் ஆறு ஆவர்த்தனம் (தாளச் சுற்று). அதுவும் மூன்று வரி, வரிக்கு இரண்டு ஆவர்த்தனம். நடை திஸ்ரம். ஒரு அடிக்குள் த-கி-ட என்று மூன்று இருக்கிறது, நடுவில் உள்ள ‘கி’ பேசாமல் இருக்கிறது. த…ட, த…ட என்று போகிற அந்த நொண்டல்தான் ஷஃபிள் என்கிறார்கள் என்று புரிந்துகொண்டேன். சரியா?

சரியென்றால் மேடம், பிள்ளைகளை வாத்தியத்தைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். ஐந்து பேரும் வட்டமாக உட்கார்ந்து கையில் தாளம் போடட்டும். ஒருத்தர் மட்டும் வாயால் ஏதாவது பாடட்டும், மற்றவர்கள் கார்டு மாறுகிற இடத்தில் அதன் பெயரை உரக்கச் சொல்லட்டும். பாடுகிறவர் எங்கே வேண்டுமானாலும் இழுக்கலாம், தாமதிக்கலாம், பேசாமல் இருக்கலாம். தாளம் போடுகிற கை அசையக் கூடாது. பாட்டு வரியையும் ஸ்வரத்தையும் கற்பனையில் விரிக்கும் நிரவலும் கல்பனாஸ்வரமும் நாங்கள் இப்படித்தான் பழக்குகிறோம். எவ்வளவு தூரம் போனாலும் எடுப்புக்கு, அதாவது தாளத்தில் பாட்டு தொடங்கிய இடத்துக்கு, வந்து சேரவேண்டும். அந்த எடுப்பு காதில் இருப்பதைவிட உடம்பில் இருக்கவேண்டும்.

கிட்டார் தம்பிக்கு ஒன்று. கர்நாடக சங்கீதப் பாடகர் மதுரை மணி அய்யரின் ஸ்வரங்களைக் கேட்கச் சொல்லுங்கள். பெரிய கணக்கு வழக்கெல்லாம் தேடிப் போகமாட்டார். தாளத்தின் ஓட்டத்தோடு சர்வலகுவாகப் போய்க்கொண்டே இருப்பார். கேட்பவன் தலை தானாக ஆடும். கற்பனை என்றால் வேகம் என்று நினைக்கிற வயசில் இதைக் கேட்பது நல்லது.

ஆறாம்கம்பி

> நடுவில் உள்ள ‘கி’ பேசாமல் இருக்கிறது

இதைவிடச் சுருக்கமாக ஷஃபிளை யாரும் சொல்ல முடியாது. நாளைக்கே வகுப்பில் சொல்லப்போகிறேன். நன்றி அக்கா.

மதுரைவாசி_சென்னையில்

அப்படியே சுத்த தன்யாசி ராகத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டால் முடிந்ததே? ஏ-யை ச என்று வைத்தால் ஏ, சி, டி, இ, ஜி. ச-க-ம-ப-நி. மைனர் பென்டடோனிக் (ஐந்து சுர ஸ்கேல்) என்று கிட்டார்காரர்கள் சொல்வது அச்சு அசல் அதுதான். அந்த ராகத்தில் ஆலாபனை பண்ணத் தெரிந்த பிள்ளை ப்ளூஸ் வாசித்துவிடும்.

ஆறாம்கம்பி

அண்ணே, பாதி ஒத்துக்கொள்கிறேன். சுரங்கள் அவைதான். விரலுக்கு இடம் பழகுவதற்கு நல்ல வாசல். ஆனால் அங்கேயே நின்றுவிட்டால் ப்ளூஸ் வராது.

ராகத்தில் கீழே ஒரே சுருதி நிற்கிறது. ப்ளூஸில் கீழே தரை மாறிக்கொண்டே இருக்கிறது. சி என்ற ஒரு சுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பேண்ட் ஏ7-ல் இருக்கும்போது கார்டுக்குள் சி-ஷார்ப் இருக்கிறது, அதாவது அந்தர காந்தாரம். அதன்மேல் நீங்கள் இந்த சி-யை, அதாவது ‘சாதாரண காந்தாரம்’ என்ற சுரத்தை, வைத்தால் உரசும். அந்த உரசல்தான் ப்ளூஸின் உப்பு. அதே சி-யை டி7 வரும்போது வாசித்தால் உரசாது, அது டி7-க்குச் சொந்தமான சுரம், அதன் ஏழாவது. ஒரே சுரம், நாலு பார் கழித்து வேறு அர்த்தம். இதைக் கேட்கப் பழகியவனுக்கு மூன்று சுரம் போதும், ஒரு சுற்று முழுக்கக் கதை சொல்லலாம். கேட்காதவன் அறுபது சுரம் வாசித்தாலும் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும்.

இன்னொன்று, இந்த சி முழுசாக சி-யாகவும் இருப்பதில்லை. கிட்டாரில் மூன்றாம் கம்பி ஐந்தாம் ஃபிரெட்டில் (கழுத்தில் உள்ள கட்டம்) விரலை வைத்துக் கம்பியை மயிரிழை இழுத்தால் சி-க்கும் சி-ஷார்ப்புக்கும் நடுவில் ஒரு இடம் வரும். பியானோவில் அந்த இடத்துக்குக் கட்டை கிடையாது. தம்பியை அந்த ஒரு சுரத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு வாரம் இருக்கச் சொல்லுங்கள் மேடம். பின்னால் ஏ7 ஓடட்டும். இழுத்து, நிறுத்தி, கேட்டு, திரும்ப இழுக்கட்டும். கமகம் பழகிய காது உள்ள ஊரில் பிறந்த பிள்ளை. சீக்கிரம் பிடித்துக்கொள்வான்.

பென்டடோனிக்கோடு இ-ஃபிளாட் ஒன்றைச் சேர்த்து ப்ளூஸ் ஸ்கேல் என்பார்கள். அதை வழிப்போக்கில் தொட்டுவிட்டுப் போகவேண்டும். அங்கேயே குடியிருக்கக் கூடாது.

வகுப்பறைக்கு_வெளியே

இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லோருக்கும் நன்றி. தாளம் போடும் பயிற்சியை நேற்று மாலை செய்தோம். முதலில் சிரித்தார்கள். கால்மணி நேரத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. டிரம்ஸ் தம்பி ஒருவன்தான் தடுமாறவில்லை. கீபோர்டு வாசிக்கும் பெண் இரண்டு சுர வித்தையைப் பிடித்துக்கொண்டாள். இனி இரண்டு சுரத்துக்கு மேல் வாசிக்கவே மாட்டேன் என்கிறாள்!

இப்போது அடுத்த கேள்வி. பாட்டு. ஆங்கிலத்தில் பழைய ப்ளூஸ் பாடல் ஒன்றை எடுத்தார்கள். பாடகிக்கு வாயில் ஒட்டவில்லை. சொற்களைத் துரத்திக்கொண்டே போகிறாள், பாட்டு வரவில்லை. தமிழில் பாடலாமா? ஒப்பாரிதான் நம் ஊர் ப்ளூஸ், ஒப்பாரி மெட்டில் எழுதிவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது.

தெற்குமாசி

ஒப்பாரி வேண்டாம் என்பது என் அழுத்தமான கருத்து. காரணம் சொல்லிவிடுகிறேன்.

ஒப்பாரி செத்தவருக்காக, செத்த வீட்டில், உறவுப் பெண்கள் பாடுவது. அதற்கென்று நேரமும் இடமும் இருக்கிறது. கலைவிழா மேடையில் டிரம்ஸ் வைத்துப் பாடினால் ஒப்பாரியின் மரியாதையும் போகும், ப்ளூஸ் பற்றித் தப்பான எண்ணமும் பரவும். ப்ளூஸ் என்றால் சோகப் பாட்டு என்று பாதி உலகம் நினைக்கிறது. அமெரிக்காவின் தெற்கில், மிசிசிப்பி டெல்டா பருத்திக் காடுகளில் வேலைசெய்த கறுப்பின மக்கள் உருவாக்கிய இசை அது. 1865-ல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்த பிறகும் அடுத்தவர் நிலத்தை விளைச்சலில் பங்குக்கு உழுது கடனிலேயே கிடந்தவர்கள். சனிக்கிழமை ராத்திரி அவர்கள் கூடிக் குடித்து ஆடிய இடங்களில் இந்த இசைதான் ஓடியது. துக்கத்தைச் சொல்லும், அதே மூச்சில் கேலியும் பேசும், காலையும் ஆடவைக்கும். வயல் வேலையில் ஒருவர் பாட மற்றவர்கள் எடுத்துப் பாடும் வழக்கம் அதன் வேர்களில் ஒன்று. நமக்கு அதற்குப் பக்கத்தில் வருவது ஏற்றப்பாட்டும் நடவுப்பாட்டும் தெம்மாங்கும். உங்கள் பாடகியிடம் அது ஏற்கனவே இருக்கிறது.

டபிள்யூ. சி. ஹேண்டி என்ற இசைக்காரர் 1903 வாக்கில் மிசிசிப்பியில் டட்வைலர் என்ற ஊர் ரயில் நிலையத்தில் வண்டிக்குக் காத்திருந்தபோது ஒருவர் கத்தியைக் கம்பியில் அழுத்தி கிட்டார் வாசித்துப் பாடியதைக் கேட்டதாகத் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். ஒரே வரியை மூன்று முறை பாடினாராம், அதுவும் எந்த ரயில் எங்கே குறுக்கே போகிறது என்பது பற்றி. பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. அன்றாட விஷயம்தான். பிற்பாடு ஹேண்டி 1912-லும் 1914-லும் அச்சிட்ட பாடல்கள் வழியாகத்தான் ப்ளூஸ் என்ற பெயர் பரவலானது.

ஆகவே தமிழில் எழுதுங்கள். அந்தப் பெண்ணின் சொந்த அன்றாடத்திலிருந்து எழுதுங்கள். முதல் வரி, அதே வரி திரும்பவும், மூன்றாவதாக அதற்குப் பதில். அப்புறம், பாடுவதற்கு முன் இது யாருடைய இசை என்று மேடையில் இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டுப் பாடச் சொல்லுங்கள். அந்த மக்களுக்கு நாம் செய்யக்கூடிய குறைந்தபட்ச மரியாதை அது.

நாலுகம்பி

வரி நாலு பாரையும் நிரப்பக் கூடாது என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். பாட்டு இரண்டு பாருக்குக் கொஞ்சம் கூடப் போகலாம். மிச்சம் கிட்டாரின் பதிலுக்கு. பாடகி ஒரு வரி, கிட்டார் ஒரு வரி. சோலோவுக்கு முன்பே கிட்டார் இப்படிப் பேசிப் பழகிவிடும்.

ஆறாம்கம்பி

தம்பி சொன்னது நூறு சதம் சரி. ப்ளூஸ் பாடகரும் கிட்டார் கலைஞருமான பி. பி. கிங் பாடும்போது கிட்டார் வாசிக்கமாட்டார், வாசிக்கும்போது பாடமாட்டார். 1964 நவம்பரில் சிகாகோ ரீகல் அரங்கில் அவர் செய்த கச்சேரி பதிவாகி வந்திருக்கிறது. பிள்ளைகளை ஒன்றாக உட்காரவைத்துப் போட்டுக்காட்டுங்கள். குரல் விட்ட இடத்தில் கிட்டார் எடுக்கிறது. கிட்டார் மூச்சு விடுகிற இடத்தில் கூட்டம் கத்துகிறது. அந்தக் கத்தலும் பாட்டில் ஒரு பங்கு. கூட்டம் பதில் சொல்ல இடம் விடாத சோலோ எவ்வளவு திறமையாக இருந்தாலும் ஒருவன் தனக்குத்தானே பேசிக்கொள்வதுதான்.

பயிற்சிக்கு ஒரு வழி: கிட்டார் தம்பி எந்தச் சொற்றொடரையும் முதலில் வாயால் பாடவேண்டும், பாடியதைத்தான் வாசிக்கவேண்டும். வாயால் பாடும்போது மூச்சு வாங்கவேண்டியிருக்கும், அதனால் நிறுத்தம் தானாக வரும்.

மதுரைவாசி_சென்னையில்

ஒரு சந்தேகம். ப்ளூஸ் பாடகர் ஜான் லீ ஹூக்கர் பன்னிரண்டு பாரைப் பொருட்படுத்தவே இல்லையே. பத்தரையில் மாற்றுவார், பதினாலுக்கு இழுப்பார். 1948-ல் டெட்ராய்ட்டில் தனியாகக் கிட்டாரும் காலால் தட்டுகிற சத்தமுமாகப் பதிவு செய்தவை எல்லாம் அப்படித்தான். பிள்ளைகளை ஏன் கணக்குக்குள் கட்டிப்போடவேண்டும்?

ஆறாம்கம்பி

தனியாக உட்கார்ந்து வாசித்தார், அதனால் அவர் மாறும்போது உலகமே மாறியது. அவரோடு சேர்ந்து வாசித்தவர்கள் அவரையே பார்த்துக்கொண்டு இருக்கவேண்டியிருந்தது. அந்தக் காது அனுபவத்தில் வருவது. ஐந்து மாணவர்கள் ஒருவரை ஒருவர் நம்பி மேடையேற ஒரு பொது வீடு வேண்டும். பன்னிரண்டு பார் அந்த வீடு. கட்டிப்போடுவதாக நான் நினைக்கவில்லை.

சரி, பார்த்துக்கொண்டு இருப்பது பற்றிச் சொன்னதால் இதையும் சொல்கிறேன். கண். நம் திருவிழாவில் நையாண்டி மேளக்காரர்கள் கரகம் ஆடுகிறவர் காலை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டார்கள். நம் பிள்ளைகள் கூட்டத்தைப் பார்த்து வரிசையாக நிற்கிறார்கள், இல்லாவிட்டால் தங்கள் விரலைப் பார்க்கிறார்கள். ஐந்து பேரும் அரைவட்டமாக, டிரம்மர் முகம் எல்லோருக்கும் தெரியும்படி நிற்கட்டும். சைகைகளை முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள்: பன்னிரண்டாவது பாருக்கு முன்னால் தலையைத் தொட்டால் பாட்டுக்குத் திரும்புகிறோம், ஒரு விரல் காட்டினால் இன்னொரு சுற்று, உள்ளங்கை கீழே பார்த்தால் சத்தம் குறைய, மூடிய கை உயர்ந்தால் இந்தச் சுற்றோடு முடிவு. சைகை கொடுக்கும் உரிமை ஒருவருக்கே. பாடகிக்குக் கொடுங்கள், அவளுக்குத்தான் கை காலியாக இருக்கிறது.

நேரக் கணக்கும் வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 96 அடி என்ற வேகத்தில் ஒரு சுற்று சரியாக 30 நொடி. அறுபதில் போனால் 48 நொடி. 96-ல் வாசித்தால் பத்துச் சுற்று ஐந்து நிமிடம். கலைவிழாவில் நேரம் எப்படிப் போகும் என்று உங்களுக்குத் தெரியாததா.

மேலூர்_மைக்செட்

அண்ணன் தம்பிகளுக்கும் மேடத்துக்கும் வணக்கம். சவுண்ட் ஆள் என்ற முறையில் நாலு வார்த்தை.

சவுண்ட் செக் பண்ணும்போது பசங்க எல்லாரும் இருக்கிற வேகத்தில் அடிப்பார்கள். அதை வைத்து நாங்கள் மிக்ஸரில் லெவல் வைத்தால், நிகழ்ச்சியில் சத்தம் குறைத்துப் பாடும் இடம் காணாமல் போய்விடும். ப்ளூஸ் என்றால் இருப்பதிலேயே சத்தம் குறைந்த பகுதியை முதலில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அதற்கு லெவல் வைத்துவிட்டால் சத்தமான பகுதி தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும்.

மைதானத்தில் குழாய் ஸ்பீக்கர் மட்டும் கட்டியிருந்தால் பேஸ் வெளியே கேட்கவே கேட்காது, குழாய்க்கு அந்தக் கீழ்ச்சத்தம் ஏறாது. பாக்ஸ் ஸ்பீக்கர் வேண்டும் என்று முன்னாடியே கேட்டு வாங்குங்கள். பேஸை டிஐ பாக்ஸ் (வாத்தியத்தை நேராக மிக்ஸரில் இணைக்கும் சின்னப் பெட்டி) வழியாக மிக்ஸருக்குக் கொடுங்கள். கிட்டார் ஆம்பைத் தரையில் வைத்தால் சத்தம் வாசிக்கிறவன் முழங்காலுக்குப் போகும், அவன் காதுக்கு எட்டாது. உடனே கூட்டுவான். ஒரு நாற்காலியில் ஏற்றிக் காதைப் பார்த்துச் சாய்த்துவைத்தால் பாதிச் சண்டை தீர்ந்தது. பாடுகிற பிள்ளை மைக்கோடு மெயின் பாக்ஸுக்கு முன்னால் வரக் கூடாது, ஹவ்லிங் அடிக்கும், ‘கூ’ என்று ஊளையிடும். ஆம்ப், கீபோர்டு, மிக்ஸர் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்திலிருந்து கரண்ட் எடுங்கள். ஆளுக்கொரு பிளக்கில் எடுத்தால் எர்த் வித்தியாசத்தில் ‘ம்ம்ம்’ என்று இரைச்சல் வரும்.

மதிய வெயிலில் மேடையில் கிட்டாரை வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். கம்பி சூட்டில் தளர்ந்து சுருதி இறங்கும். சாயங்காலம் குளிர்ந்ததும் ஏறும். மேடை ஏறுவதற்கு முன் திரும்ப ட்யூன் பார்க்கவேண்டும்.

வகுப்பறைக்கு_வெளியே

பாடகி எழுதிக்கொண்டு வந்துவிட்டாள். அவள் சம்மதத்தோடு முதல் பத்தியை இங்கே போடுகிறேன்:

கடைசி வண்டி போயிருச்சு, ஆரப்பாளையத்துல நிக்கிறேன்
ஏ, கடைசி வண்டி போயிருச்சு, ஆரப்பாளையத்துல நிக்கிறேன்
கையில இருந்த காசுக்கெல்லாம் டீய வாங்கிக் குடிக்கிறேன்

இரண்டாவது முறை பாடும்போது ‘ஏ’ என்று இழுத்தாளே, அதை யாரும் சொல்லித்தரவில்லை. தெம்மாங்கில் வருகிற இழுப்பு. கிட்டார் தம்பி அந்த ‘ஏ’-யைத்தான் கம்பியில் இழுக்க முயற்சி செய்துகொண்டிருக்கிறான். ஆனால் ஏ ஸ்கேலில் அவளுக்குத் தொண்டை எட்டவில்லை, கீழே போய் முணுமுணுக்கிறாள். சி-க்கு மாற்றியிருக்கிறோம்.

தகிட

படித்ததும் இரண்டு ஆவர்த்தனத்துக்கு ஒரு வரி என்று கை தானாகப் போட்டுவிட்டது. அந்தப் பெண்ணுக்கு என் ஆசீர்வாதம்.

நாலுகம்பி

சி-க்கு மாறியதால் கீபோர்டு அக்கா பயப்படவேண்டாம். சி7-க்கு பி-ஃபிளாட், இ. ஒரு கட்டை இறங்கினால் எஃப்7, ஏறினால் ஜி7. வடிவம் அதேதான்.

வகுப்பறைக்கு_வெளியே

நேற்று கலைவிழா முடிந்தது. எழுதாமல் தூங்கக் கூடாது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நிகழ்ச்சிகள் எல்லாம் தள்ளிப்போய், மேடைக்குப் பக்கத்தில் நிற்கும்போதுதான் சொன்னார்கள், இருபது நிமிடம் இல்லை, பன்னிரண்டுதான் என்று. இரண்டு சினிமாப் பாட்டுக்கு எட்டு நிமிடம் போய்விடும். பிள்ளைகள் பதறவில்லை. பாடகி விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள். நாலு நிமிடம் என்றால் எட்டுச் சுற்று. பாட்டு இரண்டு, கிட்டார் இரண்டு, கீபோர்டு ஒன்று, நாலு நாலு பாராகக் கிட்டாரும் கீபோர்டும் பேசிக்கொள்ள ஒன்று, பாட்டு இரண்டு. மேடையேறி, இந்த இசை யாருடையது, எங்கே பிறந்தது என்று இரண்டு வாக்கியம் சொன்னாள். உடனே டிரம்ஸ் குச்சி தட்டியது.

கிட்டார் சோலோவின் முதல் சுற்றில் ஆறாவது பாரோ ஏழாவது பாரோ, மூன்றாம் கம்பி அறுந்தது. எனக்குச் சத்தம் கேட்டது. தம்பி கையை எடுத்தான். இதற்கு முன்பாக இருந்தால் ஐந்து பேரும் நின்றிருப்பார்கள். பேஸ் நடந்துகொண்டே இருந்தது. டிரம்மர் உடனே பெரிய தட்டான ரைடை விட்டு, காலால் மூடுகிற ஜோடித் தட்டான ஹை-ஹாட்டுக்கு மாறி சத்தத்தைப் பாதியாக்கினான். கீபோர்டு பெண் இடது கையில் அந்த இரண்டு சுரத்தை விடாமல், கம்பி அறுவதற்கு முன் தம்பி வாசித்த மூன்று சுரச் சொற்றொடரை வலது கையில் அப்படியே எடுத்தாள். ஒருமுறை. ஒரு பார் சும்மா இருந்தாள். திரும்ப அதையே, கடைசிச் சுரத்தை மட்டும் மாற்றி. ஒன்பதாவது பார் வந்தபோது அவள் தலையை நிமிர்த்திப் பேஸைப் பார்த்ததை நான் பார்த்தேன். இரண்டாவது சுற்றுக்குப் பாடகி ஒரு விரல் காட்டி, கிட்டார் தம்பியைப் பார்த்தாள். அவன் மேல் இரண்டு கம்பியிலேயே, ரொம்பக் கொஞ்சமாக, பாடுகிற மாதிரி வாசித்தான். இதுவரை அவன் வாசித்ததிலேயே அதுதான் நல்ல சோலோ என்பேன். கூட்டத்தில் பின்வரிசைப் பையன்கள் அவன் விட்ட இடைவெளியில் ‘ஏ’ என்று பதில் கொடுத்தார்கள்.

கம்பி அறுந்தது பாதிப் பேருக்குத் தெரியவே இல்லை. ஏற்பாடு செய்தபடிதான் கீபோர்டு முதலில் வாசித்தது என்று நினைத்திருக்கிறார்கள்.

ஆறாம்கம்பி

மேடம், படிக்கும்போது சிலிர்த்துவிட்டது. கீபோர்டு பிள்ளை ஒரு பார் சும்மா இருந்தது பாருங்கள், அந்த இடத்துக்குத் தனியாக ஒரு கைதட்டல். வாசிக்கத் தெரிந்தவர்கள் நிறைய. மேடையில், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, ஒரு பார் முழுக்கச் சும்மா இருக்கத் துணிச்சல் வேண்டும்.

தம்பியிடம் சொல்லுங்கள்: கம்பியை நிகழ்ச்சிக்கு ஒருநாள் முன்பு மாற்றி நன்றாக இழுத்துவிட்டு வைக்கவேண்டும். ஒரே ஃபிரெட்டில் இழுத்து இழுத்துப் பழகியதில் அந்த இடத்தில் தேய்ந்திருக்கும்.

மேலூர்_மைக்செட்

பாக்ஸ் கிடைத்ததா மேடம்? பேஸ் கேட்டதா?

வகுப்பறைக்கு_வெளியே

கிடைத்தது அண்ணே. பின்வரிசை வரை கேட்டது. ஆம்பை நாற்காலியில்தான் வைத்தோம்.

பிள்ளைகள் அடுத்து ஸ்லோ ப்ளூஸ் வேண்டும் என்கிறார்கள். அறுபது வேகத்தில் பன்னிரண்டு-எட்டு, அதாவது பாருக்கு நாலு அடி, அடிக்கு மூன்று. வேகம் குறைந்தால் டிரம்மர் நடுவில் ஓட ஆரம்பிக்கிறான்.

தகிட

த-கி-ட மூன்றையும் இப்போது வாயால் சொல்லச் சொல்லுங்கள், ‘கி’-யும் பேசட்டும். ஹை-ஹாட்டில் மூன்றும் விழவேண்டும். மெதுவான காலத்தில் நடுவில் இருப்பதை நிரப்பாமல் போனால்தான் கை ஓடும். நேரில் காட்டினால் சுலபம். நான் விளக்குத்தூண் பக்கம்தான் இருக்கிறேன், கூப்பிட்டால் வருகிறேன்.

வகுப்பறைக்கு_வெளியே

கண்டிப்பாக வாருங்கள் அக்கா. சனிக்கிழமை மாலை ரிகர்சல் இருக்கிறது. ஆறாம்கம்பி அண்ணனும் வரமுடிந்தால் நன்றாக இருக்கும். எங்களிடம் ஒரு ஆம்ப்தான் இருக்கிறது.

ஆறாம்கம்பி

பதினைந்து வாட் ஆம்ப் ஒன்று வீட்டில் சும்மா கிடக்கிறது, எடுத்துக்கொண்டு வருகிறேன். மூன்றாம் கம்பி இரண்டும் சேர்த்து. ஆறு மணிக்கு வந்தால் போதுமா?

வகுப்பறைக்கு_வெளியே

ஐந்தரைக்கே வந்துவிடுங்கள் அண்ணே. ஏழரைக்கு ஹாலைப் பூட்டிவிடுவார்கள்.